ஒரு மூட்டை நொய், மூன்று சொதப்பல், அப்புறம் பாகு

என் மச்சினனுக்கு மன்னார்குடி பக்கத்தில் ஒரு சின்ன ரைஸ்மில். இந்த ஐப்பசியில் அங்கே போயிருந்தபோது மூலையில் நொய் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது. குறுவை அறுப்பும் மழையும் ஒன்றாக வந்தால் இப்படித்தான் ஆகும் என்றான். களத்தில் காய்ந்த நெல் திரும்ப நனைந்தால் மணிக்குள்ளே மயிரிழையாக விரிசல் விட்டுவிடும். வெளியே பார்த்தால் நல்ல நெல்தான், உமி நீக்கி பாலிஷ் போடும்போது இரண்டாக மூன்றாக ஒடிந்து விழும். முழு அரிசிக்குக் கிடைக்கிற விலை அதற்குக் கிடைக்காது. கொஞ்சம் மாட்டுத்தீவனத்துக்குப் போகும், கொஞ்சம் இட்லி மாவு போடுகிறவர்கள் வாங்குவார்கள், இப்போது எத்தனாலுக்கு என்று சொல்லி வாங்குகிற ஏஜெண்டுகளும் வருகிறார்களாம். 2018-ல் வந்த உயிரி எரிபொருள் கொள்கையில் உடைந்த அரிசியையும் சேர்த்துவிட்டார்கள் அல்லவா, அதன் வழியாக. "மாமா, சும்மாதான் கெடக்கு, ஒரு மூட்டை தூக்கிட்டுப் போங்க" என்று 25 கிலோவை வண்டியில் ஏற்றிவிட்டான்.

எத்தனால் என்றதும் ஒன்று தோன்றியது. சாராயமோ எத்தனாலோ, எதுவாக இருந்தாலும் முதலில் அரிசியின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியாக வேண்டும், அப்புறம்தான் ஈஸ்ட் அதைத் தின்னும். ஈஸ்ட் போடாமல் பாதி வழியிலேயே நிறுத்திக்கொண்டால் கையில் இருப்பது இனிப்புத் தண்ணீர்தான். அதைச் சுண்டவைத்தால் பாகு. மிட்டாய்க்காரர்களும் பேக்கரிக்காரர்களும் டின் டின்னாக வாங்குகிற லிக்விட் குளுக்கோஸ் இதன் பங்காளிதான், அது பெரும்பாலும் மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து வருகிறது. வீட்டில் நொய்யை வைத்துச் செய்ய முடியுமா என்று பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

கணக்கு எளிது. அரிசியில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளை நீளமாகக் கோத்த மாலை. அதை இரண்டிரண்டு மணியாக வெட்டினால் மால்டோஸ், ஒவ்வொன்றாக வெட்டினால் குளுக்கோஸ். வெட்டும் இடத்தில் எல்லாம் ஒரு தண்ணீர் மூலக்கூறு போய் ஒட்டிக்கொள்வதால் எடை கூடத்தான் செய்யும், 100 கிராம் மாவுச்சத்து முழுவதும் மால்டோஸ் ஆனால் 105 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதல், முழுவதும் குளுக்கோஸ் ஆனால் 111 கிராம். வெட்டுகிற கத்தி எங்கே கிடைக்கும்? முளைக்கிற எந்தத் தானியத்திலும் இருக்கிறது. விதை முளைக்கும்போது தன் வயிற்றுக்குள் இருக்கிற மாவைக் கரைத்துக் குருத்துக்கு ஊட்டுவதற்காக அமைலேஸ் என்ற நொதியை அதுவே சுரக்கிறது. பார்லியை முளைக்கவைத்துத்தான் உலகம் முழுக்க மால்ட் செய்கிறார்கள். நம் ஊரில் பார்லியைத் தேடி அலைவதைவிடக் கேழ்வரகு கைக்கு எட்டும், சிறுதானியங்களில் அமைலேஸுக்குப் பேர்போனதும் அதுதான். சோளத்தை முளைகட்டலாமா என்றும் யோசித்தேன், ஆனால் சோளக் குருத்திலும் வேரிலும் சயனைடு விடுகிற ஒரு பொருள் இருக்கிறது, முளையை முழுக்க நீக்கிச் சுத்தம் செய்யத் தெரியாதவர்களுக்கு அது ஆகாது என்று விட்டுவிட்டேன்.

முதல் சொதப்பல் சோம்பேறித்தனத்தால் வந்தது. அம்மா சத்துமாவுக்காக முளைகட்டி அரைத்து வைத்திருந்த கேழ்வரகு மாவு அடுக்களையில் இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று ஒரு கிலோ நொய்யைக் குழைய வேகவைத்து, ஆறவிட்டு, அதில் நூறு கிராம் போட்டுக் கலக்கி மூடி வைத்தேன். நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தால் கஞ்சி கஞ்சியாகவே இருக்கிறது, இன்னும் இறுகிவிட்டது, சரியாகச் சொன்னால் களி. அம்மாவிடம் கேட்டேன், "இந்த மாவ எப்படிம்மா செஞ்ச?" "எப்பவும் போலத்தான்டா, மொளகட்டி, காயவெச்சு, வாசம் வர வறுத்து அரைச்சேன்." வறுத்து! அங்கேதான் நொதி செத்தது. நொதி ஒரு புரதம், முட்டை வெந்தால் எப்படி மறுபடி பச்சை முட்டை ஆகாதோ அப்படி. கடையில் வாங்குகிற முளைகட்டிய கேழ்வரகு மாவையும் மணத்துக்காக வறுத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அதனால் நம்பி இறங்க வேண்டாம்.

சரி, நாமே முளைகட்டுவோம். அரைக் கிலோ கேழ்வரகை ராத்திரி ஊறவைத்துக் காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, காலை மதியம் ராத்திரி மூன்று வேளையும் தண்ணீர் தெளித்து வந்தேன். இரண்டாம் நாள் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது, மூன்றாம் நாள் ஒன்றோடொன்று பின்னி ஒரு பாய் மாதிரி ஆகிவிட்டது. வெயிலில் காயவைக்க வேண்டும், ஆனால் வெளியே அடைமழை. மின்விசிறிக்குக் கீழே பரப்பினேன், இரண்டாம் நாள் ஓரத்தில் ஒரு பூசண வாசம். அந்தப் பக்கத்தை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் அரைத்தேன். இப்போது நொதி உயிரோடு இருந்தது. இந்தத் தடவை அதைக் கொன்றது நான். வெந்த கஞ்சியை "கை பொறுக்கிற சூடு" வந்ததும் சேர்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு, மேலே ஏடு படிந்து ஆறின மாதிரி இருந்ததைப் பார்த்து ஏமாந்து, உள்ளே தளதளவென்று இருந்த கஞ்சியில் மொத்த மாவையும் கொட்டிவிட்டேன். கெட்டிக் கஞ்சி மேலே ஆறும், நடுவில் ஆறவே ஆறாது, இது சுடுகஞ்சியில் வாயைச் சுட்டுக்கொண்ட எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இருந்தும் செய்தேன். கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் கம்பி மாதிரி நீளமான முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் 42 டிகிரியோடு நின்றுவிடும், இதற்கு உதவாது. கூடவே ஒரு ரிஃப்ராக்டோமீட்டரும் வாங்கினேன், கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். 10 என்று காட்டினால் நூற்றுக்குப் பத்துப் பங்கு கரைந்த பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது சர்க்கரைதானா அல்லது அரைகுறையாக வெட்டுப்பட்ட மாவா என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க அயோடின். மருந்துக்கடையில் புண்ணுக்குப் போடுகிற பொவிடோன் அயோடினைத் தண்ணீர் கலந்து வெளிறிய டீ நிறத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். ஒரு வெள்ளைத் தட்டில் கஞ்சிச் சாற்றை ஒரு சொட்டு, பக்கத்தில் அயோடின் ஒரு சொட்டு, இரண்டையும் ஈர்க்குச்சியால் இழுத்துச் சேர்த்தால் மாவு இருக்கும்வரை கருநீலம், பாதி வெட்டுப்பட்டிருந்தால் செம்பழுப்பு, முடிந்துவிட்டால் அயோடினின் மஞ்சளே அப்படியே நிற்கும். சாறு நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூட்டில் அந்த நீலம் வராது, நான் ஒரு தடவை ஏமாந்து முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மூன்றாவது தடவை எல்லாம் சரியாகப் போட்டேன், 65 டிகிரியில் மாவைக் கலந்தேன், கஞ்சி இளகியது, இனித்தது, சந்தோஷமாக மூடிவைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் 37 டிகிரி. மேலே நுரை, புளிச்ச வாசம். சர்க்கரைத் தண்ணீரை வெதுவெதுப்பில் ராத்திரி முழுக்க வைத்தால் நாம் கூப்பிடாத விருந்தாளிகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எதிர்வீட்டு மாடு மட்டும் அந்த மூன்று தடவையும் சந்தோஷமாக இருந்தது.

இப்போது சரியாக வந்த முறையைச் சொல்கிறேன். இதற்குப் பிறகு இதே மாதிரி மூன்று தடவை செய்துவிட்டேன்.

முளைகட்டிய கேழ்வரகைக் காயவைக்கிற வேலையே வேண்டாம். பச்சையாகவே, வேரோடு, பச்சைத்தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்துக்கொண்டால் போதும், நொதி இன்னும் நன்றாகவே இருக்கிறது, மழைக்காலத்தில் பூசணத் தொல்லையும் இல்லை. மிக்ஸி சூடாகாமல் விட்டுவிட்டு ஓட்டுங்கள். 2 கிலோ நொய்க்கு, காய்ந்த எடையில் கால் கிலோ கேழ்வரகு முளைகட்டியது. நொய்யைக் கல், மண், வண்டு பார்த்துக் கழுவி, 8 லிட்டர் தண்ணீரில் அடிபிடிக்காமல் கிண்டிக் கிண்டி முக்கால் மணி நேரம் வேகவைக்க வேண்டும். அரிசி மாவு 55-லிருந்து 79 டிகிரிக்குள் ரகத்துக்கு ஏற்றபடி தண்ணீரைக் குடித்து உப்பும், அப்படி உப்பி வெடித்த பிறகுதான் நொதி உள்ளே நுழைய முடியும். அரைவேக்காடு என்றால் அந்த அளவுக்குச் சர்க்கரை நட்டம்.

இனி வருவதுதான் நான் ஒவ்வொரு தடவையும் வேடிக்கை பார்க்கிற இடம். வெந்த கஞ்சியில் அகப்பையை நட்டால் நிற்கும். கிண்டிக் கிண்டி ஆறவிட்டு, அடி நடு மேல் என மூன்று இடத்திலும் தெர்மாமீட்டரைக் குத்தி, எங்கே குத்தினாலும் 70-க்குள் என்று ஆனதும், அரைத்த கேழ்வரகில் நாலில் ஒரு பங்கை மட்டும் ஊற்றிக் கலக்குகிறேன். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியாது, கை வலிக்கும். அப்புறம் திடீரென்று அகப்பை லேசாகிறது. இழுத்தால் கூடவே திரண்டு வந்த கஞ்சி, வராமல் பின்தங்குகிறது. பத்தாவது நிமிஷம் அகப்பையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது, பதினைந்தாவது நிமிஷம் அது ரசம் மாதிரி ஓடுகிறது, அடியில் சிதைந்த நொய்த் துணுக்குகள் தனியாகத் தெரிகின்றன. அரைத்த கேழ்வரகில் இருந்ததைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கவில்லை. குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகில் கஞ்சி வைக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது, எவ்வளவு மாவு போட்டாலும் கெட்டியாகாமல் நிற்கிறதே என்று பார்த்திருப்பார்கள். குழந்தை வயிற்றுக்குள் அதிகச் சத்தைக் குறைந்த கஞ்சியில் அனுப்புவதற்கு அது நல்ல வழியும்கூட.

சூடு 63-க்கு இறங்கியதும் மிச்சக் கேழ்வரகையும் சேர்த்தேன். இரண்டு தவணையாகச் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. முளையில் இரண்டு வகை நொதி. ஒன்று மாலையைக் கண்ட இடத்தில் அறுக்கும், அதுதான் கஞ்சியை இளக்குவது, 70 பக்கம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மற்றொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு மணியாகக் கழற்றி மால்டோஸ் ஆக்கும், அதற்குச் சூடு ஆகாது, 65-ஐத் தாண்டினால் சுருண்டுவிடும். இளகுவது வேறு, இனிப்பது வேறு.

சூட்டைப் பிடித்துவைக்க எந்தக் கருவியும் வாங்கவில்லை. பெரிய அட்டைப்பெட்டியில் வைக்கோலை அடைத்து நடுவில் குழி பண்ணி, பாத்திரத்தை மூடியோடு அதில் இறக்கி, மேலே பழைய போர்வை, அதற்கு மேல் ஒரு சாக்கு. 63-ல் வைத்தது ஐந்து மணி நேரம் கழித்து 57. இதற்கு மேல் விடாதீர்கள், 55-க்குக் கீழே போகப் போகப் புளிப்புக்காரர்கள் வந்துவிடுவார்கள். இடையில் ஒவ்வொரு மணிக்கும் அயோடின் பார்த்தேன்: முதல் மணியில் ஊதா, மூன்றில் செம்பழுப்பு, ஐந்தில் மஞ்சள்.

வடிகட்டுகிற வேலையைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. வேட்டித் துணியில் ஊற்றினேன், முதல் அரை லிட்டர் ஓடியது, அப்புறம் அரிசியின் புரதமும் கேழ்வரகுத் தோலும் துணியில் பசையாக அப்பிக்கொண்டு சொட்டுகூட விழவில்லை. பிழிந்தால் எல்லாமே கூடச் சேர்ந்து கலங்கலாக வருகிறது. மச்சினனுக்கு போன் போட்டுப் புலம்பினேன். "உமியப் போட்டுப் பாருங்களேன் மாமா, மண்ணு மாதிரி அடைச்சா நடுவுல வழி விடும்ல" என்றான். விளையாட்டாகச் சொன்னானோ என்னவோ, பீர் காய்ச்சுகிறவர்கள் கோதுமை சேர்க்கும்போது இதே அடைப்புக்கு நெல் உமியைத்தான் கலக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உமியை இரண்டு மூன்று தண்ணீர் கழுவி, ஒரு கொதி விட்டு வடித்து, சாற்றில் நாலைந்து கை கலந்து, அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் வாளியில் துணி விரித்து ஊற்றினேன். முதலில் வந்த கலங்கலைத் திரும்ப மேலேயே ஊற்றிவிட்டேன், அதற்குப் பிறகு டிகாக்ஷன் இறங்குகிற மாதிரி மெதுவாக, தெளிவாக இறங்கியது. மேலே ஒன்றரை லிட்டர் வெந்நீர் விட்டு மிச்ச இனிப்பையும் கழுவி எடுத்தேன். மொத்தம் 7 லிட்டர், ரிஃப்ராக்டோமீட்டரில் 14.

சக்கையை மாட்டுக்குக் கொடுக்கலாம். மாவு போய்விட்டதால் அரிசியில் இருந்த புரதம் எல்லாம் அதில்தான் திரண்டு நிற்கிறது. ஆனால் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், மறுநாள் புளித்துப் போகும்.

இப்போது 7 லிட்டர் தண்ணீரைச் சுண்டவைக்க வேண்டும். நொதி ஓசைப்படாமல், கூலி கேட்காமல், வைக்கோலுக்குள் உட்கார்ந்து தன் வேலையை முடித்துவிட்டது. நம் பணம் போவது இங்கேதான். ரிஃப்ராக்டோமீட்டரில் 14 காட்டுகிற சாற்றைப் பாகுப் பதமான 78-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 6 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும், ஒரு லிட்டர் ஆவியாக 2260 கிலோஜூல், அடுப்பில் வீணாவதையும் சேர்த்தால் அரைக் கிலோவுக்கு மேல் கேஸ் போகும். முதல் தடவை கேஸ் அடுப்பில்தான் காய்ச்சினேன். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தாலும் 35 ரூபாய்க்கு மேல் கேஸுக்கே ஆகிறது. கேழ்வரகுக்குப் பன்னிரண்டு, நொய்யைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் அதற்கு ஓர் ஐம்பத்தைந்து. கையில் கிடைத்தது 1 கிலோ 300 கிராம் பாகு. கிலோ 80 ரூபாய்! வெல்லமே அதைவிட மலிவு, அதுவும் இதைவிட இரண்டு மடங்கு இனிக்கும். வீட்டில் இந்தக் கணக்கைச் சத்தமாகப் படித்திருக்கக் கூடாது. "அதுக்கு வெல்லமே வாங்கிடலாமேங்க" என்ற பதில் வர அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆனால் மில்லில் உமி மலைபோலக் கிடக்கிறது. நெல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அடுத்த தடவை பாத்திரத்தோடு மில்லுக்கே போய்விட்டேன். எங்கள் பாட்டி காலத்து உமி அடுப்புதான்: 15 லிட்டர் எண்ணெய் டின்னில் பக்கவாட்டில் அடியில் ஓர் ஓட்டை, நடுவில் ஒரு பாட்டிலையும் ஓட்டை வழியாக ஒரு குழாயையும் வைத்துச் சுற்றிலும் உமியை இடித்து இறுக்கி நிரப்பி, பாட்டிலையும் குழாயையும் உருவினால் நடுவில் புகைபோக்கி தயார். கீழே ஒரு சுள்ளியைக் கொளுத்தி நுழைத்தால் நின்று எரியும். சரியாக இறுக்கவில்லை என்றால் நடுவிலேயே சரிந்து புகை மண்டும், எனக்கு முதல் டின் சரிந்தது, கண் எல்லாம் எரிச்சல். எரிகிற டின்னில் நடுவில் உமி போட முடியாது, அதனால் இரண்டு டின் வைத்துக்கொண்டு ஒன்று அடங்குமுன் மற்றதைப் பற்றவைத்துப் பாத்திரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். 6 லிட்டர் சுண்ட மூன்று டின், சுமார் 7 கிலோ உமி ஆனது. அகலமான பாத்திரமாக இருந்தால் சீக்கிரம் சுண்டும், பித்தளை உருளி இருந்தால் எடுங்கள். கடைசி அரை மணி தீயைக் குறைக்க வேண்டும், உமி அடுப்பில் குறைக்கிற வசதி இல்லாததால் அந்தக் கட்டத்தில் மட்டும் கேஸுக்கு மாற்றினேன், இல்லையென்றால் அடியில் தீய்ந்து கசந்துவிடும்.

பாகுப் பதம் பார்ப்பதில் ஒரு சிக்கல். வெல்லப்பாகு மாதிரி நினைத்துக் கம்பிப் பதம் பார்த்தால் இது சீக்கிரமே நூல் விட்டு ஏமாற்றும், நீளச் சங்கிலிகள் மிச்சம் இருப்பதால் அதன் பிசுபிசுப்பு அப்படி. என் ரிஃப்ராக்டோமீட்டர் 32 வரைதான் காட்டும், அதனால் ஒரு கிராம் பாகுக்கு மூன்று கிராம் தண்ணீர் கலந்து பார்த்து நாலால் பெருக்கிக்கொண்டேன். 19.5 வந்தால் 78. அந்தப் பதத்தில் தேன் நிறம், தேனைவிடக் கெட்டி, கரண்டியிலிருந்து நாடா மாதிரி மடிந்து விழுகிறது. மணம் பொரித்த அரிசி போல, நாக்கில் கேழ்வரகு வாசனை ஒரு ஓரத்தில். இனிப்பு சீனியில் பாதிகூட இல்லை.

தவிட்டிலும் செய்து பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தவிட்டில் பாலிஷ் போடும்போது தேய்ந்து விழுந்த அரிசி மாவு கொஞ்சம் இருக்கிறது, அயோடினுக்குக் கறுக்கிறது. அதே முறையில் போட்டால் ரிஃப்ராக்டோமீட்டர் 4-ஐத் தாண்டவில்லை, மேலே எண்ணெய்ப் படலம், கசப்பு. பச்சரிசித் தவிட்டில் அரைத்த சில மணி நேரத்திலேயே லிபேஸ் என்ற வேறொரு நொதி அதன் எண்ணெயைச் சிதைக்க ஆரம்பித்துவிடும், அந்தக் காரல்தான். தவிட்டை எண்ணெய் ஆலைக்கே விட்டுவிடுங்கள். உமியிலும் மக்காச்சோளக் கட்டையிலும் செல்லுலோஸ் வடிவில் சர்க்கரை பூட்டிக் கிடக்கிறது, ஆனால் அந்தப் பூட்டுக்குக் கேழ்வரகின் சாவி சேராது. நண்பர் ஒருவர் பேட்டரி ஆசிட்டை ஊற்றிக் கொதிக்கவைத்தால் என்ன என்று கேட்டார். 1811-ல் கிர்ச்சாஃப் என்ற வேதியியலாளர் ரஷ்யாவில் கந்தக அமிலத்தோடு மாவைக் கொதிக்கவைத்துத்தான் முதலில் சர்க்கரைப் பாகு எடுத்தார், நெப்போலியன் போரில் கரும்புச் சர்க்கரை கிடைக்காத காலம். ஆனால் பேட்டரியில் ஊற்றுகிறதைச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் ஊற்ற நான் ஆள் இல்லை.

ஒரு விளையாட்டுச் சோதனையும் உண்டு. ஜீரணத்துக்கு என்று மருந்துக்கடையில் விற்கிற சில மாத்திரைகளின் அட்டையில் பங்கல் டயஸ்டேஸ் என்று போட்டிருக்கும். அதுவும் அமைலேஸ்தான், பூஞ்சையிலிருந்து எடுத்தது. ஜப்பான்காரர் தகாமினே ஜோகிச்சி அமெரிக்காவில் கோதுமைத் தவிட்டில் கோஜிப் பூஞ்சையை வளர்த்து அதை எடுத்து 1894-ல் காப்புரிமை வாங்கினார், அதாவது அங்கேயும் மில் கழிவுதான் மூலப்பொருள். 200 கிராம் நொய்க் கஞ்சியை 50 டிகிரிக்கு ஆற்றி இரண்டு மாத்திரையைப் பொடித்துப் போட்டேன், அரை மணியில் தண்ணீர். அதைப் பாகு காய்ச்சிச் சாப்பிடவில்லை, மாத்திரையில் வேறு என்னென்னவோ சேர்த்திருக்கிறார்கள். நொதியைக் கண்ணால் பார்க்க நினைக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நல்ல சோதனை.

இரண்டு எச்சரிக்கை. நல்ல நொய்யாக இருக்க வேண்டும். நிறம் பார்த்துப் பிரிக்கிற மெஷின் தள்ளிவிட்ட கறுப்பு அரிசி, தரையில் கூட்டி அள்ளியது, நனைந்து பூசணம் ஏறினது, இவற்றைத் தொடாதீர்கள். பூசண நஞ்சு கொதித்தாலும் போகாது, பாகுக்குள் அப்படியே இருக்கும். அடுத்தது, என் மாமியாருக்கு சுகர். "இனிப்பு கம்மியாத்தானே இருக்கு, நான் சாப்பிடலாமா தம்பி?" என்று கேட்டார். கூடவே கூடாது. மால்டோஸ் வயிற்றுக்குள் போனதும் முழுக்க முழுக்க குளுக்கோஸ், சீனியைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். இயற்கை இனிப்பு, சீனி சேர்க்காதது என்று அரிசிப் பாகை விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

கார்த்திகைக்கு அம்மா இதில் பொரி உருண்டை பிடித்தார். தனிப் பாகில் பிடித்த முதல் நாலு உருண்டை பல்லில் ஒட்டியது, மறுநாள் நமத்துப் போய் உட்கார்ந்திருந்தது. மூன்று பங்கு வெல்லத்துக்கு ஒரு பங்கு இந்தப் பாகு என்று கலந்தபோது நன்றாக வந்தது, வெல்லப்பாகு பூத்து மணல் மாதிரி ஆகாமல் பளபளவென்று நின்றது. மிட்டாய்க்காரர்கள் லிக்விட் குளுக்கோஸ் வாங்குவது எதற்கு என்று அப்போதுதான் கையில் புரிந்தது. மச்சினன் புழுங்கல் நொய்யும் அரை மூட்டை அனுப்பியிருக்கிறான். அதில் ஒரு தடவை போட்டேன், வேகவே ஒன்றே கால் மணி நேரம் ஆனது, ரிஃப்ராக்டோமீட்டர் 12-ஐத் தாண்டவில்லை. ராத்திரி ஊறவைத்து, மிக்ஸியில் ஒன்றிரண்டாக உடைத்துவிட்டு வேகவைத்தால் ஏறுமா என்று அடுத்த வாரம் பார்க்க வேண்டும், கேழ்வரகு இப்போதுதான் துணியில் கட்டித் தொங்குகிறது.